எழுப்பாதீங்கன்னு சொல்லுங்க

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் வந்து சேர்ந்துவிட்டேன். இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம். வேன் வந்த வழியைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே கோபம் வரும். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்?

இங்கே போன் எடுக்காது. வெள்ளத்தில் சாய்ந்த டவர் சாய்ந்தபடியே கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை நிவாரண வேன் வரும், அதுவும் மழை விட்டால். அதன் டிரைவர்தான் எங்களுக்குத் தபால்காரர். ஒரு பக்கக் கட்டுரைக்கு என் காதைத் திருகி எழுதவைத்தவள் நீ. இனி பக்கம் பக்கமாக எழுதுவேன், அனுபவி.

ஆற்றோரம் இருந்த தெரு அப்படியே போய்விட்டது. ஜனங்கள் மேட்டில் தகரமும் பிளாஸ்டிக் தாளும் கட்டிக் குடியிருக்கிறார்கள். வீட்டை அடித்துக்கொண்டு போன அதே ஆற்றிலிருந்துதான் குடிக்கவும் எடுக்கிறார்கள். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்பதே இல்லை. மலைச்சரிவில் நல்ல ஊற்று ஒன்று இருக்கிறது. அங்கிருந்து குழாய் இறக்கிவிட்டால் போதும். சபையில் "பிளம்பர் யாராவது வருவீங்களா" என்று கேட்டபோது நான் கையைத் தூக்கியது வீண்போகாது என்று நினைக்கிறேன்.

போதகர், நர்ஸ், நான், மண்வெட்டி பிடிக்கச் சில வாலிபர்கள். முதல் நாள் ஊர்க்காரர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்பு வந்த ஒரு குழு பாட்டுப் பாடி, போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரியாம். போதகர் அதைக் கேட்டுவிட்டு கிதாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் பேசியது ஒரு பொடிசு. முன்பல் இரண்டும் இல்லை. இடுப்பில் கைவைத்து நின்று, "குழாய் கோணலா போவுது" என்றாள். "எல்லாம் நேராத்தான் போகுது, நீ போய் விளையாடு" என்றேன். நகரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். புறப்பட்ட அன்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, டாக்டரிடம் போனாயா? என் தலைமேல் கைவைத்துச் சொன்னாய். மறந்துவிடாதே.

உன் அன்புத் தம்பி


ஜனவரி 25

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அத்தான் பஸ் ஓட்டுகிறார், வீட்டுக்கு வந்ததும் என்னையும் ஓட்டுகிறார். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மூன்று எழுத்துப்பிழை. மற்றபடி தேறிவிட்டாய்.

டாக்டரிடம் போனேன், போதுமா? பரிசோதனை என்று கையில் குத்தினார்கள், படம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார். இந்த வயதில் இயந்திரம் கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும், எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

சபைப் பெண்கள் ஐக்கியத்தில் துணி சேர்த்தோம். பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருக்கிறேன், கை ஓயவில்லை. அளவு தெரியாததால் எல்லாவற்றுக்கும் கீழே நிறைய உள்மடிப்பு விட்டிருக்கிறேன். வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளச் சொல். உன்னை வளர்த்தபோது உன் கால்சட்டைக்கெல்லாம் அப்படித்தான் செய்தேன். அம்மா கண்மூடிய வருஷம் நீ வளர்ந்த வேகத்துக்கு எனக்குத் துணி போதவில்லை. அந்த மேஸ்திரிக்கு மஞ்சள் கவுனைக் கொடு. மேலதிகாரிக்கு நல்ல துணியாக இருக்கவேண்டும்.

பனியில் தலையை மூடிக்கொள்.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். மூட்டை வந்து சேர்ந்தது. பிரித்த இடத்தில் ஒரே கலாட்டா. மேஸ்திரி நான் கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை, மஞ்சளைத் தானே இழுத்து எடுத்துக்கொண்டாள். கணுக்காலைத் தொடுகிறது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சேற்றில் என் பின்னால் வருகிறாள்.

அவள் அம்மா டவுன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகள் துவைத்த பெண். வெள்ளத்தில் வேலையும் போனது, வீட்டுக்காரரும் போனார். மடியில் கைக்குழந்தை. அதிகம் பேசமாட்டாள். கவுனைத் திருப்பி உள்மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். "இவ்ளோ துணி உள்ள விட்டிருக்காங்களே. இதைத் தைச்சவங்க புள்ளைங்கள வளத்தவங்கதான்" என்றாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் உடம்புக்கு என்ன என்று அவளும் கேட்டாள்.

நானும் அதையேதான் கேட்கிறேன். மாத்திரை என்று எழுதினாய், எதற்கு மாத்திரை என்று எழுதவில்லை. மழை குழியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது, குழாய் பாதிதான் வந்திருக்கிறது. வாலிபர்கள் இந்த மாதத்தோடு திரும்புகிறார்கள். நான் போய்விட்டால் இதை முடிக்க ஆள் இல்லை. ஆனாலும் உனக்கு முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை எழுது. குழாயைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வருகிறேன்.

தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு என் சோம்பல்தான் காரணம். எழுத்து சாய்ந்திருக்கிறது என்று பார்க்காதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் கொஞ்ச நாள் இளைப்பாறச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் உழைத்ததற்கு மகாராணி மாதிரி படுக்கையிலேயே டீ வருகிறது. அத்தான் போடும் டீ என்பதால் அதைக் குடிப்பதும் ஒரு ஊழியம்தான்.

நீ வரவேண்டாம். பாதிக் குழாயில் யாருக்குத் தண்ணீர் வரும்? அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள். என் ஜெபமெல்லாம் அதுதான். தண்ணீர் வந்ததும் எழுது. அதுவரைக்கும் நான் எங்கேயும் போகமாட்டேன்.

இத்துடன் உனக்கு ஒரு சட்டை வைத்திருக்கிறேன். ஒரு கை கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது. மடித்துவிட்டுக்கொள்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வரவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மேஸ்திரி போய்விட்டாள், அக்கா. வயிற்றுப்போக்கில் துவண்டுபோன பிள்ளைகளைப் போதகரும் நர்ஸும் வேனில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேனில் இடமில்லை, கைக்குழந்தைக்கும் காய்ச்சல், அதனால் அம்மா போகவில்லை. "கவுனு அழுக்காயிடும், வெச்சிரு, வந்து போட்டுக்கறேன்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நான் வர்றதுக்குள்ள கோணலா போட்டுடாதீங்க" என்றாள். மற்றப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். இவளுக்கு மட்டும் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மழையில் பாதை அறுந்ததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பாதை சரியான பிறகு டிரைவர்தான் வந்து சொன்னார். அவள் அம்மாவிடம் நானே சொல்லவேண்டும் என்று போதகர் சொல்லி அனுப்பியிருந்தார்.

போனேன். நம் சபையில் சொல்லுவதைப் போலத்தான் சொன்னேன்: "அம்மா, பாப்பா கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டா." ஒப்பாரி வைப்பாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினாள். "அப்பாடா. இத்தனை நாளா பொட்டுத் தூக்கம் இல்ல எம் புள்ளைக்கு. நல்லாத் தூங்கட்டும். எழுப்பாதீங்கன்னு சொல்லுங்க" என்றாள். முகத்தில் அப்படி ஒரு அமைதி. ஞானஸ்நானம் வாங்காத பெண்ணுக்கு இப்படி ஒரு விசுவாசமா என்று நான் வெளியே வந்து கல்லின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

எனக்குத்தான் அந்த விசுவாசம் இல்லை. குழாய் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அவள் இருந்திருப்பாள் என்பதைத் தவிர வேறு எதுவும் தலைக்குள் ஓடவில்லை.

தம்பி


மார்ச் 14

தம்பி,

வேன் புறப்படுகிறது, சுருக்கமாக எழுதுகிறேன். நான் சுகம்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெண் நம் சபைக்காரி இல்லையே. நித்திரை அடைந்தாள் என்றால் நமக்குத்தான் அர்த்தம் தெரியும். அவளுக்கு என்ன தெரியும்? எழுப்பாதீங்க என்று அவள் சொன்னது விசுவாசத்தினால் இல்லையடா. பிள்ளை தூங்குகிறாள் என்றே நினைத்துவிட்டாள்.

இதைக் கையில் வாங்கியதும் அவளிடம் போ. ஜெபித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதே. நேராகப் போ.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நீ சொன்னதுதான் நடந்திருக்கிறது.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த அதே வேனைப் பார்த்துக்கொண்டுதான் அவள் ரோட்டில் நின்றாள். கையில் மஞ்சள் கவுன், மடித்து வைத்திருந்தாள். வேன் வந்த போதெல்லாம் நின்றிருக்கிறாள், அக்கா. தினமும் அந்தக் கவுனைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறாள். நான் குழிக்குள் குனிந்துகொண்டே இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. "இன்னிக்காவது அனுப்புவாங்களா? இன்னுமா முழிக்கல?" என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்தில் போய், "அம்மா, பாப்பா செத்துப்போயிட்டா" என்றேன்.

"தூங்குறான்னு சொன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேம்மா. அன்னிக்கே செத்துட்டா."

"நீங்கதானே தூங்குறான்னு சொன்னீங்க?" மறுபடி மறுபடி அதையே கேட்டாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அப்புறம் மண்ணில் உட்கார்ந்து, "யாரு குளிப்பாட்டினது?" என்றாள். நர்ஸ் என்றேன். "கவுனு இங்க இருக்கே. என்ன போட்டு அனுப்பினாங்க?" எனக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்து அதே வேனில் திரும்பிய நர்ஸை அழைத்துவந்தேன். ஆஸ்பத்திரி விரிப்பில் சுற்றினோம் என்று நர்ஸ் சொன்னாள். "நல்லாத் துவைச்சதா?" என்று கேட்டாள் அக்கா. வருஷக்கணக்காக அந்த விரிப்புகளைத் துவைத்தவள். நல்லாத் துவைச்சதுதான் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

அம்மா போனபோது எனக்கும் நீ தூங்குகிறாள் என்றுதான் சொன்னாய். நான் அந்த அறைக் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நீயே அப்போது சின்னப் பெண். ஆனால் எல்லாம் தெரிந்த நானே அதை இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டேனே என்றுதான் நெஞ்சு ஆறவில்லை.

அதனால் கேட்கிறேன். உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். எண்ணெய், சோம்பல், இளைப்பாறுதல். உனக்கு என்ன நோய்? என்னிடமாவது உடைத்துச் சொல்.

தம்பி


ஏப்ரல் 8

என் தம்பிக்கு,

நீ கேட்டதற்குப் பதில்: நான் சுகம். களைப்பு உண்டு. மருந்து சாப்பிடுகிறேன், இளைப்பாறுகிறேன். நீ போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இதற்குமேல் மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும். அத்தானை மையால் நன்றாகப் பூசச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு எழுது. நீ உண்மையைச் சொன்ன பிறகு அந்தத் தாய் எப்படி இருக்கிறாள்? சொன்னதற்காக உன்னை வெறுக்கிறாளா? சொல்லாமலே இருந்திருக்கலாம் என்கிறாளா? யோசித்து, உள்ளதை எழுது. எனக்கு அது தெரியவேண்டும்.

குழாயை முடி. நேராகப் போடு.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

தண்ணீர் வந்துவிட்டது! முதலில் சேறாகக் கக்கியது, பிறகு காற்று, பிறகு பளிங்காக வந்தது. பிள்ளைகள் துணியோடு அடியில் போய் நின்றார்கள். போதகர் கிதாரை எடுத்துவிட்டார், யாரும் தடுக்கவில்லை. எனக்கு மட்டும் மேட்டில் இடுப்பில் கைவைத்து யாரோ நிற்கிற மாதிரியே இருந்தது.

நீ கேட்டதை அவளிடமே கேட்டேன். "நீங்க சொன்னப்போ உங்களைக் கொன்னுடலாம்போல இருந்துச்சு. ஆனா சொல்லாம போயிருந்தீங்கன்னா நான் இந்த ரோட்டுலயே நின்னு கெழவியாயிருப்பேன்" என்றாள். வெறுப்பில்லை. முதல் குடம் அவள்தான் பிடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போதுமா? இனி நீயும் சொல்லலாம். கடிதத்தில் வேண்டாம், நேரில் சொல். அடுத்த வேனில் ஏறுகிறேன். என்ன நோயாக இருந்தாலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், அத்தான் டீயிலிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன். பெட்டி கட்டிவிட்டேன். நீ அனுப்பிய சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன், ஒரு கை நீளமாகவே.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நலமா என்று கேட்கவேண்டும் என்று தெரியும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

உனக்கு எழுதவேண்டியதை உன் அக்கா வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தாள். "அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள், கலங்காதே, அப்படீன்னு எழுதுங்க. வேற எதுவும் எழுதாதீங்க." அதையேதான் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா ரோட்டில் நின்றதை நீ எழுதியிருந்தாயே, அதை அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

உன் அக்கா நேற்று இறந்துவிட்டாள், மாப்பிள்ளை. கர்ப்பப்பையில் கட்டி. ஜனவரியில் படம் பார்த்தபோதே எங்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "சொன்னா குழாய விட்டுட்டு ஓடிவந்துடுவான். அங்க புள்ளைங்க சாவும்" என்றாள். நான் எவ்வளவோ சண்டை போட்டேன். போன கடிதத்தில் அடித்த வரிகளில் உனக்கு எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு மை பூசச் சொன்னாள். பூசினேன். பூசியிருக்கக்கூடாது.

வலி அதிகம் இருந்தது. தூக்கத்தில் போகவில்லை. அப்படி நான் பொய் எழுதமாட்டேன். உன் பேரைச் சொன்னாள்.

நீ கேட்பாய். குளிப்பாட்டியது பக்கத்து வீட்டு அம்மாள். தலை சீவிவிட்டது நான். உன் முதல் சம்பளத்தில் வாங்கிக்கொடுத்தாயே நீலச் சேலை, அதைத்தான் உடுத்தியிருக்கிறாள். நானே துவைத்து இஸ்திரி போட்டேன். இன்றைக்கே அடக்கம். நீ வருவதற்குள் முடிந்திருக்கும். வந்து அந்த அறைக் கதவைத் திறந்து பார்க்காதே. அவள் அங்கே இல்லை.

அத்தான்


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிடுகிறீர்களா? தனியாக இருக்காதீர்கள், பஸ்ஸுக்குப் போங்கள்.

நான் ஏறவிருந்த வேனில்தான் உங்கள் கடிதம் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் டிரைவர் எடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு இறங்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பெட்டி வேனோடு போய்விட்டது. அடுத்த வேனில் வருகிறேன், நிச்சயமாக வருகிறேன். அன்று என்னால் முடியவில்லை.

ரோட்டோரம் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தேன். போதகர் தோளில் கைவைத்து, "அக்கா மகிமைக்குள்ள போயிட்டாங்க தம்பி" என்றார். நல்ல மனுஷர். ஆனால் எனக்கு அது காதில் ஏறவே இல்லை. அப்புறம் மேஸ்திரியின் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏன் போகல?" என்றாள். "அக்கா செத்துட்டா" என்றேன். "கவுன் தைச்சாங்களே, அவங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அத்தான். எவ்வளவு நேரம் அழுதேனோ அவ்வளவு நேரமும் அவள் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் உண்மையை எழுதியதற்கு உங்களுக்கு நான் என்ன சொல்வேன்? அக்கா உங்களைக் கோபித்துக்கொள்ளமாட்டாள். என்மேல் எனக்குத்தான் கோபம். அவள் அந்த மூன்று வரியை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும். குழாயில் தண்ணீர் ஓடுகிறது. அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நேற்று மேஸ்திரியின் அம்மா அந்த மஞ்சள் கவுனை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தகரக் கொட்டகைப் பிள்ளைக்குக் கொடுக்கப்போகிறாளாம், அது மேஸ்திரியைவிட நல்ல உயரம். தினமும் துவைத்து வெயிலில் போட்டதில் துணி வெளுத்துவிட்டது. உள்மடிப்பை இறக்கினாள். உள்ளே இருந்த துணி மட்டும் அக்கா தைத்து அனுப்பிய அன்று இருந்த அதே மஞ்சளில் இருந்தது. "பாருங்க, உங்க அக்கா எவ்ளோ விட்டிருக்காங்க" என்றாள். நான் பார்த்தேன். அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடியது. அதற்கு அளவு சரியாக இருந்தது.

உங்கள் மாப்பிள்ளை